வீடு போன பிறகு: மலையிலேயே இருப்பதா, கீழே இறங்கி வருவதா?

மதுரை, நிலக்கோட்டை, உசிலம்பட்டி, வத்தலக்குண்டு பக்கம் இருக்கிற நிறையக் குடும்பங்களுக்கு மலை மேல் ஏதாவது ஒரு சொந்தம் இருக்கும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பார்கள், இல்லையென்றால் போடிமெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை, அதுவும் இல்லையென்றால் மூணாறு எஸ்டேட்டில் லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுக்கிற வரிசை வீடு. மேலே விடாமல் மழை பெய்து, ஓடை பெருகி, மண்ணும் பாறையுமாக வந்து வீட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று போன் வந்ததும் கீழே இருக்கும் நாம் சொல்லும் முதல் வார்த்தை, "போதும் சாமி, எல்லாத்தையும் விட்டுட்டுக் கீழ வந்துருங்க" என்பதுதான். பாசத்தில் சொல்கிறோம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே இருக்கிறவர்கள் முன்னால் இருக்கும் வழிகளில் அது ஒன்று மட்டும்தான், பல குடும்பங்களுக்கு அது நல்ல வழியும் கிடையாது.

என் தாய்மாமா குடும்பத்துக்கு இந்த நிலைமை வந்ததால், ஒவ்வொரு வழியிலும் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. மற்ற ஊர்களில் இப்படி நடந்தபோது என்ன செய்தார்கள் என்றும் தேடிப் படித்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓடையை விட்டு விலகியே ஆக வேண்டும், மலையை விட்டு விலக அவசரப்பட வேண்டாம். ஏன் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர். காப்பிச் செடி, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, ஓரமாகக் கொஞ்சம் ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும். வீடு தோட்டத்துக்குக் கீழே, ஓடைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்தது. தண்ணீருக்கும் பக்கம், பஸ்ஸுக்கும் பக்கம் என்று தாத்தா பார்த்துக் கட்டிய இடம். அந்த ராத்திரி பின்சுவர் விழுந்து சமையலறை முழுசாகப் போய்விட்டது, முன் அறையில் ஜன்னல் மட்டத்துக்குச் சேறு. அத்தை சத்தம் கேட்டு முழித்துப் பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் போனபோது மாமா ஒரு சாக்கை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே இருந்த காப்பிக்கொட்டை ஈரம் ஏறி, பூஞ்சை பிடித்து வெளுத்து, புளித்த வாடை அடித்தது. "போன வருசத்து வெள்ளாமை மாப்ள, விலை ஏறட்டும்னு வச்சிருந்தேன்" என்றார். அம்மா போனில், "தம்பி, மதுரைக்கு வந்துருடா" என்று அழுதபோது அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வந்து என்ன வேலை பாக்க, அக்கா?" இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் யாரும் யாரையும் கீழே கூப்பிடக் கூடாது.

முதலில் ஒரு விஷயம். எங்கே நிரந்தரமாக இருப்பது என்ற முடிவை முதல் மாதத்தில் எடுக்கவே வேண்டாம். அப்போது எடுக்க வேண்டிய முடிவு, மழைக்காலம் முடியும்வரை எங்கே படுப்பது என்பது மட்டும்தான். பள்ளிக்கூடத்து முகாமில் ரொம்ப நாள் இருக்க முடியாது, பள்ளிக்கூடம் திறந்தாக வேண்டும். சொந்தக்காரர் வீடு ஒரு மாதம் தாங்கும், அதற்கு மேல் இரண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால் அதே மலையில், பாதுகாப்பான மேட்டில், ஒரு வாடகை வீடு பார்ப்பது நல்லது. 2024-ல் வயநாட்டில் நிலச்சரிவு வந்த பிறகு கேரள அரசு, முகாமை விட்டு வெளியே தங்கிய குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகைக்குக் கொடுத்தது. அந்த வாடகைப் பணம்தான் அவர்களுக்கு யோசிக்க அவகாசம் தந்தது. நம் பக்கத்தில் அரசு அப்படிக் கொடுக்காவிட்டால் சொந்தக்காரர்கள் சேர்ந்து கொடுக்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, முதல் வழி: அதே இடத்தில் திரும்பக் கட்டுவது. செலவு குறைவாகத் தெரியும், பட்டா ஏற்கெனவே இருக்கிறது, கரண்ட் கனெக்‌ஷன் இருக்கிறது, அஸ்திவாரம்கூடப் பாதி நிற்கிறது. மனசும் அங்கேதான் இருக்கும். ஆனால் மலை ஓடையில் வருகிற வெள்ளத்தையும் வைகையில் வருகிற வெள்ளத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. மதுரைக்காரர்களான நமக்கு வெள்ளம் என்றால் சொல்லிவிட்டு வருகிற வெள்ளம். வைகை அணையில் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது, அதற்குப் பிறகுதான் உபரித் தண்ணீரை ஆற்றில் விடுவார்கள். கரையோரத்தில் இருக்கிறவர்கள் பாத்திரம் பண்டத்தை எடுத்துக்கொண்டு போக நேரம் இருக்கும். மலையில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. மேல் சரிவில் மண் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒரு கட்டத்தில் பாறையிலிருந்து கழன்று, மரத்தையும் உருட்டுப் பாறையையும் சேர்த்துக்கொண்டு ஓடைப் பள்ளத்தில் இறங்கும். இறங்க ஆகும் நேரம் நிமிஷக் கணக்குதான். அது வருகிற தடமும் பெரும்பாலும் பழைய தடமாகவே இருக்கும், ஏனென்றால் தண்ணீர் வடிகிற பள்ளம் அதுதான்.

வயநாட்டைப் பாருங்கள். முண்டக்கையில் 1984-லேயே ஒரு பெரிய நிலச்சரிவு வந்திருக்கிறது. 2019 ஆகஸ்ட் 8-ல் பக்கத்திலேயே புத்துமலையில் வந்து 17 பேர் போனார்கள். பிறகு 2024 ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கை, சூரல்மலை, புஞ்சிரிமட்டம் எல்லாம் சேர்ந்து அழிந்தன, 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு தடவை வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்று நம்புவதற்கு மலை எந்த உத்தரவாதமும் தரவில்லை.

அப்படியென்றால் அதே இடத்தில் கட்டவே கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். வந்தது எது என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குள் வெறும் தண்ணீரும் வண்டலும் மட்டும் வந்திருந்து, அதற்குக் காரணம் ரோட்டுக்கு அடியில் இருக்கும் சின்னப் பாலத்தின் குழாய் மரக்கட்டையால் அடைத்துக்கொண்டதுதான் என்றால், அந்தக் குழாயைப் பெரிதாக்கினால் அதே இடம் இருக்கக்கூடிய இடம்தான். அதுவே ஆள் உயரப் பாறை முற்றத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, மேலே சரிவில் புதிதாக வெடிப்பு ஓடியிருக்கிறது, மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன, ஊற்று இல்லாத இடத்தில் கலங்கல் தண்ணீர் கசிகிறது என்றால் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். மாமா வீட்டு முற்றத்தில் பாறை கிடக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த இடத்தைப் பற்றி வேறு அபிப்பிராயம் இல்லை.

இதில் இன்னொரு தப்பு அடிக்கடி நடக்கிறது. ஜேசிபி வைத்துப் பின்னால் இருக்கும் மேட்டைச் செங்குத்தாக வெட்டிச் சமதளம் ஆக்கிவிட்டு, ஒரு கான்கிரீட் சுவரை எழுப்பிப் பாதுகாப்பு என்று நம்புவது. சரிவின் அடியை வெட்டினால் மேலே இருப்பதற்குத் தாங்கலே போய்விடும். சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை வைக்காவிட்டால், பின்னால் தேங்குகிற தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கம்பி வலைக்குள் கல் அடுக்கிக் கட்டுகிற சுவர் நல்லது, தண்ணீர் அதற்குள் புகுந்து போய்விடும், கொஞ்சம் அசைந்தாலும் மொத்தமாக விழாது.

இரண்டாவது வழி, மலையிலேயே இடம் மாறுவது. அதாவது தோட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வீட்டை மட்டும் ஓடைக்கு எட்டாத மேட்டுக்குக் கொண்டுபோவது. நான் இதன் பக்கம்தான். இதிலும் சங்கடங்கள் உண்டு. மேட்டில் தண்ணீர் கிடைக்காது, ஓஸ் பைப் போட்டுக் கொண்டுவர வேண்டும். ரோட்டிலிருந்து தள்ளிப் போனால் சிமென்ட், கம்பி, மணல் எல்லாம் குதிரை முதுகிலோ ஆள் தலையிலோதான் போகும், ஏற்றுக்கூலியே வீட்டுச் செலவில் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். நிலம் வனத்துறைக்கா, வருவாய்த்துறைக்கா, ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நத்தமா என்று தெளிவாகத் தெரியாமல் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. 1990-ல் அமைத்த மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகிற கிராமமாக இருந்தால் கட்டடத்துக்குத் தனி அனுமதியும் வாங்க வேண்டும். அலைச்சல்தான். ஆனால் மலை ஊரில் கண்ட இடத்திலும் வெட்டிக் கட்டுவதைத் தடுக்கிற விதி இருப்பது மலையில் இருக்கிறவர்களுக்கு நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

இடம் மாறும்போது தூரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்டிமுடியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலைக்குப் பக்கத்தில் எஸ்டேட் லயங்கள் மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள். எல்லோரும் நம் தமிழ் ஜனங்கள், பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். கரண்டும் இல்லை, போனும் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியே தகவல் தெரிந்தது. பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு மூணாறுக்குப் பக்கத்தில் குற்றியார்வேலியில் இடம் கொடுத்து வீடு கட்டினார்கள். லயத்தில் இருக்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. லயம் வேலையோடு சேர்ந்தது, வேலை முடிந்தால் வீடும் போய்விடும். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் உழைத்தவர்கள் பெயரில் சொந்தமாகச் சில சென்ட் நிலம் என்பதே ஒரு பேரிழப்புக்குப் பிறகுதான் வந்திருக்கிறது. அதனால் லயத்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை என் கணக்கு வேறு: அவர்களுக்கு எந்த இடம் கொடுத்தாலும், எஸ்டேட் பெயரில் இல்லாமல் அவர்கள் பெயரில் பட்டா வருகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அது வந்தால் கொஞ்சம் தூரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வயநாட்டில் கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்தில் நகரியம் (டவுன்ஷிப்) மாதிரிக் கட்ட 2025 மார்ச் 27-ல் அடிக்கல் நாட்டினார்கள், ஒரு குடும்பத்துக்கு 7 சென்ட், 1,000 சதுர அடி வீடு. வீடாகப் பார்த்தால் நல்ல வீடு. ஆனால் சூரல்மலையிலிருந்து அது 20 கிலோமீட்டர் பக்கம் வரும். காலையில் தேயிலை எடுக்கப் போகிறவருக்கும் கடை வைத்திருந்தவருக்கும் பழைய பிழைப்பு அந்தத் தூரத்தில் அப்படியே ஒட்டாது. அங்கே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் பள்ளிக்கூடத்தைக் கையாண்ட விதம். வெள்ளார்மலைப் பள்ளிக்கூடம் சேதமானதும், பிள்ளைகளை ஆளுக்கொரு பள்ளியில் சேர்த்துவிடாமல் அந்தப் பள்ளியையே மேப்பாடிக்கு மாற்றி, 2024 செப்டம்பர் தொடக்கத்தில் வகுப்பை ஆரம்பித்தார்கள். கூடப் படித்த பிள்ளைகளை இழந்த குழந்தைகளுக்கு மிச்சம் இருக்கிற சிநேகிதர்களாவது பக்கத்தில் இருக்க வேண்டாமா? இடம் மாறுகிற எந்த ஊரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த வழியின் பெரிய ஆபத்து தாமதம். இலங்கையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில், இந்த இடம் ஆபத்து என்று 2005-லும் 2011-லும் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். போக இடம் காட்டவில்லை. ஜனங்கள் லயத்திலேயே இருந்தார்கள், 2014 அக்டோபர் 29 காலையில் மண் வந்து மூடியது. அவர்களும் நம் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சம்தான். "இங்க இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு "அங்க போங்க" என்று சொல்லாமல் விட்டால் அந்த எச்சரிக்கையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நாமும் சொந்தக்காரர்களிடம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோமோ என்று யோசிக்கணும்.

மூன்றாவது வழி, கீழே இறங்கி வருவது. இதில் கிடைப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மழை பெய்கிற ராத்திரியில் பயமில்லாமல் தூங்கலாம். பெரிய நோய் என்றால் ராஜாஜி ஆஸ்பத்திரி பக்கத்தில். மலையிலிருந்து நெஞ்சுவலிக்காரரைக் கொண்டைஊசி வளைவு வழியாக வத்தலக்குண்டு கொண்டுவருவதற்குள் என்ன ஆகும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குக் காலேஜ் பக்கம். டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், தனியாக இருக்கும் வயசானவர்கள், நிலமே இல்லாமல் கூலிக்கு மட்டும் இருந்தவர்கள் இவர்களுக்கெல்லாம் இறங்குவதுதான் சரி, தயங்கவே வேண்டாம்.

ஆனால் தோட்டம் இருக்கிறவர் இறங்கினால் என்ன ஆகும்? ஆள் இல்லாத தோட்டத்தில் காட்டுமாடு வரும், யானை வரும், பன்றி வரும், மிளகு பழுக்கும் நேரத்தில் மனுஷனும் வருவான். வாரத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும், களை எடுக்கிற நேரத்திலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற நேரத்திலும் நடக்காது. ரெண்டு மழைக்காலம் விட்டால் புதர் மூடிவிடும், மூன்றாவது வருஷம் வந்த விலைக்கு விற்பார்கள். ஊர் நிலங்கள் இப்படித்தான் கை மாறுகின்றன, வாங்குகிறவர் அதில் தங்கும் விடுதி கட்டுவார், அதற்கும் மேட்டை வெட்டுவார், கீழே இருக்கிற அடுத்த வீட்டுக்கு ஆபத்து.

அப்புறம் வேலை. காப்பிச் செடியைக் கிளை பார்த்துக் கவாத்து பண்ணத் தெரிந்த ஐம்பது வயசுக்காரருக்கு மதுரையில் என்ன வேலை கொடுப்போம்? செக்யூரிட்டி வேலை, இல்லாவிட்டால் குடோனில் மூட்டை தூக்குகிற வேலை. அந்த வேலைகளைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆயிரக்கணக்கான பேர் அதில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். ஆனால் சொந்த நிலத்தில் முதலாளியாக இருந்தவரை அந்த வயசில் பன்னிரண்டு மணி நேரம் கேட் பக்கத்தில் நிற்கச் சொல்வதற்கு முன்னால், வேறு வழியே இல்லையா என்று நாம் ஒரு தடவை நன்றாகத் தேடியிருக்க வேண்டும். வாடகை, தண்ணீர் கேன், கேஸ், காய்கறி என்று மலையில் கையைவிட்டுச் செலவாகாத பலவற்றுக்கும் இங்கே பணம் வேண்டும்.

பழனி மலையில் இருக்கும் பளியர் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. தேன், கிழங்கு, கடுக்காய் என்று காட்டில் எடுப்பது அவர்கள் பிழைப்பு. 2006-ன் வன உரிமைச் சட்டம் தருகிற உரிமை அவர்கள் வாழ்கிற, அனுபவிக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு வருவது. கீழே ஒரு காலனியில் ஓட்டு வீடு கொடுத்து இறக்கிவிட்டால் கையெழுத்தில்லாமலே அந்த உரிமையைப் பறித்த மாதிரிதான். அவர்களுக்கு மலையிலேயே பாதுகாப்பான இடம் தேடிக் கொடுப்பதைத் தவிர வேறு எதையும் நான் தீர்வு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன், அதையும் அவர்கள் ஊர்க் கூட்டத்தில் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

நாலாவது வழி என்று பணத்தைச் சொல்லலாம், அதாவது வீடாக வாங்காமல் ரொக்கமாக வாங்கிக்கொள்வது. வயநாட்டில் நகரியத்து வீடு வேண்டாம் என்கிறவர்களுக்கு 15 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள், சிலர் அதை எடுத்துக்கொண்டார்கள். உத்தரகண்டில் 2013 ஜூன் கேதார்நாத் வெள்ளத்துக்குப் பிறகு உலக வங்கிக் கடனில் வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளும் திட்டம் வந்தது, 5 லட்சம் ரூபாயை வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கொடுத்தார்கள். இந்தத் தவணை முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மொத்தமாக ஒரு தொகை கையில் வந்தால் பழைய கடன்காரர் முதலில் வருவார், அடுத்தது கல்யாணச் செலவு வரும், வீடு கடைசியில் நிற்கும். பாதுகாப்பான இடத்தில் சொந்த நிலம் இருந்தால் தவணைப் பணம் நல்லது, ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்று அத்தையே முடிவு செய்யலாம். நிலம் இல்லாதவர் ரொக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பணத்துக்கு அவருக்குக் கிடைக்கிற இடம் பெரும்பாலும் இன்னொரு ஓடைக்கரையாகத்தான் இருக்கும். அவர் வீட்டை வாங்குவதே மேல்.

இனி நம் ஊர்க் கணக்கு. மாநிலப் பேரிடர் நிதியின் 2022 முதல் 2026 வரைக்கான விதிமுறைப்படி முழுசாகப் போன வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். இந்தப் பத்தாயிரம் வித்தியாசம் ஏற்றுக்கூலிக்கே காணாது. பட்டா இருந்து குடிசையாகவும் இருந்தால் 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு விண்ணப்பிக்க முடிந்தது, பேரிடர் பணத்தை மட்டும் நம்பி அஸ்திவாரம் போட முடியாது என்பதால் இப்படி எந்தெந்த வீட்டுத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டைவிட நான் அதிகம் கவலைப்படுவது தோட்டத்தைப் பற்றி. எல்லோரும் வீடு வீடு என்று பேசுகிறார்கள், ஆனால் ஒரு குடும்பம் மலையில் நிற்குமா, இறங்குமா என்பதை முடிவு செய்வது அடுத்த மூன்று வருஷத்து வருமானம்தான். காப்பி புதிதாக நட்டால் காய்ப்புக்கு வர மூன்று, நாலு வருஷம். மிளகுக் கொடிக்கும் அதே அளவு. ஆரஞ்சு இன்னும் கூட. அதுவரை என்ன சாப்பிடுவது? அதே விதிமுறையில் நீண்டகாலப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், அதாவது ஏக்கருக்கு ஒன்பதாயிரம் சொச்சம். நிலத்தில் படிந்த வண்டலை அள்ள ஹெக்டேருக்கு 18,000. நிலமே சரிந்து போய்விட்டால் 47,000. வண்டல் பணம் வேண்டும் என்றால் படிவு மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும், அதை அதிகாரி சான்று தர வேண்டும். நிறையப் பேர் ஆர்வத்தில் முதல் வாரமே மண்ணை அள்ளிச் சுத்தம் செய்துவிட்டு, அப்புறம் மனு கொடுத்து ஏமாந்து போகிறார்கள். மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஸ்கேலை வண்டலில் நட்டு, பக்கத்தில் காப்பிச் செடியும் தெரிகிற மாதிரிப் போட்டோ எடுத்து, விஏஓவை நேரில் கூட்டிவந்து காட்டுங்கள். கறவைப் பசு செத்திருந்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, அதற்கும் கால்நடை மருத்துவர் சான்று இருந்தால்தான் பேச முடியும்.

இடைவெளி வருஷங்களுக்கு வாழை, பீன்ஸ், சவ்சவ் மாதிரி சீக்கிரம் காசு தருகிற பயிரைக் காப்பிக்கு நடுவில் போடலாம். மலைவாழைக்குப் பேர் பெற்றவைதான் நம் பக்கத்து மலைகள், விருப்பாச்சி வாழையும் சிறுமலை வாழையும் புவிசார் குறியீடு வாங்கியவை. ஆனால் முடிக்கொத்து நோய் இந்த மலைவாழையை ஒரு காலத்தில் ஒழித்துக்கட்டியது என்பதால் கன்றை எங்கே வாங்குகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும். செங்குத்துச் சரிவில் மரத்தை வெட்டிவிட்டுக் காய்கறி போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மரத்தின் வேர் பிடித்திருக்கிற மண்ணைக் கொத்திவிட்டு, அடுத்த மழைக்கு நாமே கதவைத் திறந்து வைப்பது அது.

மலையில் இருப்பது என்று முடிவெடுத்தால் மழை அளக்கிற ஒரு மானி ஊருக்கு ஒன்றாவது வேண்டும். வயநாட்டில் ஹ்யூம் மையம் என்ற சூழலியல் அமைப்பு மாவட்டம் முழுக்க 200 இடங்களுக்கு மேல் மழைமானி வைத்து ஊர்க்காரர்களைக் கொண்டே அளக்கிறது. 2024-ல் அந்த வட்டாரத்தில் 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் பதிவாகி, சரிவு வரலாம் என்று முன்னாடியே சொன்னார்கள். நீலகிரியில் 2009 நவம்பர் 10-ல் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்து மலை முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இடங்களில் மண் சரிந்தது. இந்த மாதிரி எண்கள் நம் பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் இத்தனை வந்தால் ஓடைக்கரைக் குடும்பங்கள் மேட்டுக்குப் போகணும் என்ற ஊர்க் கட்டுப்பாடாக மாற வேண்டும். வைகைக்கு 66 அடி என்று ஒரு எண் இருக்கிற மாதிரி ஒவ்வொரு மலை ஊருக்கும் அதன் சொந்த எண் இருக்கணும், அதை ராத்திரி பத்து மணிக்குப் பார்த்துச் சொல்ல ஒரு ஆளும் இருக்கணும்.

மாமா குடும்பத்துக்கு இப்போதைக்கு எடுத்திருக்கும் முடிவு இது. பழைய வீட்டு இடத்தில் கட்டுவதில்லை, அது இனி களமும் சாமான் வைக்கிற கொட்டகையும்தான், மழைக்காலத்தில் அங்கே யாரும் படுக்கக் கூடாது. தோட்டத்தின் மேல் ஓரத்தில் பாறை தெரிகிற ஒரு திட்டு இருக்கிறது, மாவட்டப் புவியியல் சுரங்கத் துறை ஆள் வந்து பார்த்துச் சொன்னால் அங்கே சின்ன வீடு, இல்லையென்றால் ஊர் நத்தத்தில் இடத்துக்கு மனு. அதுவரை பஸ் நிற்கிற மேட்டுத் தெருவில் வாடகை வீடு. அத்தை கேட்டுக்கொண்டதால் புது வீட்டுப் பட்டா இரண்டு பேர் பெயரிலும் போடச் சொல்லியிருக்கிறோம். ப்ளஸ் டூ படிக்கிற மூத்த பெண் மட்டும் பரீட்சை முடியும்வரை எங்கள் வீட்டில் இருப்பாள், அம்மாச்சியும் இங்கேதான். மூட்டு வலியோடு அந்த மேட்டில் ஏறி இறங்க அவர்களால் முடியாது.

கீழே இருக்கிற நமக்கு ஒரு வேண்டுகோள். லாரி நிறையப் பழைய துணி அனுப்ப வேண்டாம், நான் போய்ப் பார்த்த முகாமில் அது வராண்டாவில் மழையில் நனைந்து கிடந்தது. ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு குடும்பத்தின் வாடகையை மாதாமாதம் ஒரு வருஷம் போடுங்கள். அடுத்த சீசனில் அவர்கள் காப்பித்தூளையும் மிளகையும் கடை விலைக்கே நேராக வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேர் மேலே போய், தாலுகா ஆபீஸ் மனுவை உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் சீல் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு வாருங்கள்.